தீவிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு: உயிரியலிலும் கணிப்பொறியிலும் நம் பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் வாய்ப்புகள்

அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எழுகிற பேச்சு பெரும்பாலும் மூன்று வழிகளைச் சுற்றியே வரும். மருத்துவம், பொறியியல், இல்லாவிட்டால் அரசு வேலை. மூன்றும் நல்ல வழிகள்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் விலங்கியலோ, தாவரவியலோ, கணிப்பொறி அறிவியலோ படித்து நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணோ பையனோ, "மேலே ஆராய்ச்சி பண்ணலாம்னு இருக்கேன்" என்று சொன்னால் வீட்டில் ஒரு நிமிடம் அமைதி நிலவும். பிறகு கேள்விகள் வரும். "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே? செலவுக்கு யார் கொடுக்கிறது? முடிச்சா வேலை கிடைக்குமா?"

மூன்றுமே நியாயமான கேள்விகள். கப்பல் ஏறி வந்து கஷ்டப்பட்டு நிலைத்த குடும்பங்கள் இப்படிக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். அவற்றுக்குப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் இன்னொரு கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தத் தீவுகளைப் பற்றிய ஆராய்ச்சியை யார் செய்கிறார்கள்?

நம் வாசலில் நடக்கும் ஆராய்ச்சி

1988 முதல் வட அந்தமானில் திக்லிப்பூர் பக்கம் மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. சிலருக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்து உயிர் போயிற்று. காரணம் தெரியாமல் அதை 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அழைத்தார்கள். போர்ட் பிளேரில் 1983-ல் தொடங்கப்பட்ட வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் 1990-களில் அதை ஆராய்ந்து, அது லெப்டோஸ்பைரோசிஸ் என்று கண்டறிந்தார்கள். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள சிறு காயம் வழியாக உடலுக்குள் போகிறது. வயலில் வெறுங்காலோடு இறங்கும் விவசாயிக்கு அது வருவதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. காரணம் தெரிந்த பிறகு, ஆரம்பத்திலேயே கொடுத்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்தே உயிரைக் காக்கும் என்பதும் தெரிந்தது. ஆராய்ச்சி என்றால் இதுதான். நம் வயலில், நம் காய்ச்சலில் தொடங்கி, நம் ஆஸ்பத்திரியில் வந்து முடிகிற வேலை.

இன்னொன்று சொல்கிறேன். யானைக்கால் நோய்ப் புழு நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் இரவில்தான் இரத்தத்தில் தலைகாட்டும். அதனால்தான் இரவில் வந்து இரத்தம் எடுப்பார்கள். ஆனால் நிக்கோபாரின் நான்கௌரி தீவுக்கூட்டத்தில் உள்ள வகை பகலில் நடமாடுகிறது. பகலில் கடிக்கும் காட்டுக் கொசு அதைப் பரப்புகிறது. நாட்டில் வேறெங்கும் இல்லாத இந்த விசித்திரத்தை ஆராய இங்கேதான் வந்தாக வேண்டும்.

1978-ல் காராச்சர்மாவில் தொடங்கிய மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இந்திய விலங்கியல் மதிப்பாய்வகம், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகம் ஆகியவற்றின் வட்டார மையங்கள், டாலிகஞ்சில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தீவு மையம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மற்றும் கடல் உயிரியல் துறை, வண்டூரில் சென்னை முதலைப் பண்ணையின் முயற்சியால் உருவான 'ஆனெட்' களநிலையம் என்று, ஒரு சிறு நகரத்தைச் சுற்றி இத்தனை ஆய்வு நிலையங்கள் இருப்பது அபூர்வம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய நம் ஊரைத்தான் சொல்கிறேன். பலருக்கும் இந்தக் கட்டடங்கள் பஸ் போகிற வழியில் தெரிகிற ஒரு காம்பவுண்டுச் சுவர், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வந்தவர்கள் இத்தீவுகளில் அருமையான வேலை செய்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன், கூட்டுக்காகவே வேட்டையாடப்பட்ட உழவாரக் குருவியைக் காக்கக் குகை குகையாக அலைந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சங்கரும் அவர் குழுவினரும் சின்ன அந்தமானில் முட்டையிட வரும் பேராமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அந்த ஆமைகளில் சில ஆஸ்திரேலியா பக்கமும், சில ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைப் பக்கமும் நீந்திப் போனதைக் கணிப்பொறித் திரையில் பார்த்தார்கள்.

இப்படி வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறவர், வழி காட்டுகிறவர், சமைத்துப் போடுகிறவர் எல்லாம் தீவுக்காரர்கள். எந்த அலைக்கு எந்த மீன் வரும், எந்த ஓடையில் முதலை கிடக்கும் என்று சொல்லித் தருகிறவர்களும் அவர்களே. ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அவர்கள் பெயர் வரும். முதல் பக்கத்தில் நம் பிள்ளைகள் பெயர் வரும் நாள் எப்போது? நம் முன் உள்ள கேள்வி இதுதான்.

இதில் கணிப்பொறி எங்கே வந்தது?

உயிரியல் என்றதும் தவளையும் கத்திரிக்கோலும் நினைவுக்கு வரும். இன்று உயிரியலின் பாதி வேலை கணிப்பொறியில் நடக்கிறது. இதை விளக்க நம் தீவு உதாரணமே இருக்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் 2005-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓங்கே, பெரிய அந்தமானியர், நிக்கோபாரிகள் ஆகிய மூன்று இனங்களிலும் ஐந்தைந்து பேருடைய மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுதாகப் படித்தார்கள். தாய் வழியாக மட்டுமே வரும் இந்த டி.என்.ஏ. ஏறத்தாழ 16,569 எழுத்துகள் கொண்டது. தலைமுறைகள் செல்லச் செல்ல அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறும். இருவருக்கு இடையே எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால், அவர்களுடைய பொதுப் பாட்டி எவ்வளவு காலத்துக்கு முன் வாழ்ந்தாள் என்று கணக்கிடலாம். உலகின் பிற இனத்தவரோடு ஒப்பிட்டு வம்ச மரம் வரைய வேண்டும். இதைக் கையால் செய்ய முடியாது, கணிப்பொறி நிரல்தான் செய்ய வேண்டும். ஓங்கேக்களும் பெரிய அந்தமானியரும் மிகப் பழங்காலத்தில் பிரிந்து தனித்து வாழ்ந்தவர்கள் என்றும், நிக்கோபாரிகள் பிற்காலத்தில் தென்கிழக்கு ஆசியப் பக்கமிருந்து வந்தவர்கள் என்றும் அந்தக் கணக்கு சொன்னது. அந்தமானியர் இங்கு வந்த காலத்தைப் பற்றிப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் வேறு கணக்கும் சொன்னார்கள். அந்த வாதம்தான் அறிவியல்.

அதாவது ஒரு துளி இரத்தமும் ஒரு நல்ல நிரலும் சேர்ந்து ஓர் இனத்தின் வரலாற்றையே பேச வைக்கின்றன. இதைத்தான் கணிப்பொறி வழி உயிரியல் என்றும் பயோ இன்ஃபர்மேடிக்ஸ் என்றும் சொல்கிறார்கள்.

தமிழ் மண்ணுக்கு இத்துறையில் பழைய உறவு உண்டு. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் போட்டார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் முழுக்க இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். புரதத்தின் வடிவத்தைக் கணிப்பொறியே முன்கூட்டிச் சொல்லும் 'ஆல்ஃபாஃபோல்ட்' மென்பொருளுக்காக 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அது கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த வடிவங்கள் சரியா என்று சோதிக்க இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

நமக்கு இதில் தனி லாபம் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் தீவில் இணையம் என்றால் செயற்கைக்கோள் வழியாக ஊர்ந்து வரும். 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கம்பிவடம் திறக்கப்பட்டது. இப்போது விலை உயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாத ஒரு கல்லூரி மாணவனும் உலக மரபணுத் தரவுகளை இறக்கி வேலை செய்து பழகலாம். 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரி முதல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. தரவு குவிந்து கிடக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

எத்தனை வருஷம்? யார் பணம் தருவார்கள்?

இனி வீட்டுக் கேள்விகளுக்கு வருவோம்.

மூன்றாண்டுப் பட்டம் படித்தவர் இரண்டாண்டு எம்.எஸ்சி. முடித்து 55 சதவீதம் பெற்றிருந்தால் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2022-ல் வந்த யு.ஜி.சி. விதிகளின்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் எம்.எஸ்சி. இல்லாமலே நேரடியாகச் சேரலாம். பட்டியல் வகுப்பினர், பிற்பட்டோர் முதலியோருக்கு இரண்டிலும் சலுகை உண்டு. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. நடைமுறையில் ஐந்தாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இரண்டாண்டு கூடுதல் அவகாசமும், மகப்பேறு விடுப்பு 240 நாள் வரையும் விதியிலேயே இருக்கிறது. கல்யாணமா, ஆராய்ச்சியா என்று பெண்ணைத் தராசில் நிறுத்துகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

செலவு? இங்கேதான் பலருக்கும் தவறான எண்ணம். முனைவர் பட்ட ஆய்வு நாம் பணம் கட்டிப் படிக்கிற படிப்பு அல்ல. ஒழுங்காகச் சேர்ந்தால் நமக்குப் பணம் தருகிற படிப்பு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் படித்தவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு, கணிப்பொறி அறிவியலுக்கும் சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் யு.ஜி.சி. நெட் தேர்வு. இதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அதே மத்தியப் பல்கலைக்கழகத்தில் அதே ஆய்வை நெட் உதவித்தொகை இல்லாமல் செய்கிறவருக்கு யு.ஜி.சி. தருவது மாதம் 8,000 ரூபாய்தான். வேலை ஒன்று, கூலி இரண்டு. ஆகையால் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே நெட்டுக்கு உட்கார்ந்துவிட வேண்டும். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பும் இருக்கிறது, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளக்கூடாது.

பொறியியல் பட்டதாரிகளுக்கும் பிறருக்கும் கேட் தேர்வு. மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். உயிர்த்தொழில்நுட்பம், உயிர் அறிவியல், கணிப்பொறி ஆகியவற்றோடு 2024 முதல் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் தனித் தாளாக வந்துவிட்டன. பி.எஸ்சி. முடித்தவுடனே எம்.எஸ்சி.யும் பி.எச்டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்பில் சேர விரும்பினால், இந்திய அறிவியல் கழகம் போன்றவற்றுக்கு ஜாம் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கு ஜே.ஜி.இ.இ.பில்ஸ் என்று தனித் தேர்வு. பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையும், நிக்கோபாரி முதலிய பழங்குடி மாணவர்களுக்குப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் ஆய்வு உதவித்தொகையும் உண்டு. பக்கத்து வீட்டு நிக்கோபாரி நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள்.

நமக்கு மட்டும் உள்ள ஒரு எச்சரிக்கை: தேர்வு மையம் தீவிலேயே கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சென்னையோ கொல்கத்தாவோ விழுந்தால் கப்பலில் மூன்று நாள். கடல் மோசமானால் கப்பல் தள்ளிப்போகும். டிக்கெட்டை முன்கூட்டியே போட்டு வைப்பது பாடம் படிப்பதைப் போலவே முக்கியம்.

எங்கே சேரலாம்?

தீவை விட்டுப் போக முடியாதவர்களுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இங்குள்ள வளாகத்திலேயே கடல் உயிரியலில் முனைவர் பட்டம் செய்யலாம். மற்ற மத்திய நிலையங்களில் திட்ட உதவியாளராகச் சேர்ந்து அனுபவம் பெறலாம். அவற்றின் வேலை அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்னைக்குப் போகத் தயாரானால் வழி அகலமாகிறது. தரமணியில் 1962-ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தில் கணிப்பொறி வழி உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு நடக்கிறது. கணிதம், இயற்பியல் படித்தவர்களும் அங்கே உயிரியலுக்குள் நுழையலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் உயிர்த்தொழில்நுட்பத் துறையில் புரதங்களைக் கணிப்பொறியால் ஆராயும் குழுக்கள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஆகியவையும் இத்துறையில் அனுபவம் உள்ளவை. அப்பால் பெங்களூரு, ஹைதராபாத், புனே, தில்லி இருக்கின்றன.

வெளிநாடு என்றால், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் ஆய்வு மாணவருக்கு வேலை ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருகிறார்கள். மொழி ஆங்கிலமே. சிங்கப்பூரில் 'சிங்கா' உதவித்தொகை நான்காண்டுக்கு. தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த ஊர் அந்நியமும் அல்ல. அமெரிக்காவில் கல்விக் கட்டணத்தைத் தள்ளி உதவித்தொகையும் தருவது வழக்கம். ஆனால் அரசு ஆராய்ச்சி நிதி சுருங்கியதால் 2025-ல் அங்கே சில பல்கலைக்கழகங்கள் உயிரியல் சேர்க்கையைக் குறைத்தன. ஆகவே ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்காமல் இரண்டு மூன்று நாடுகளுக்கு விண்ணப்பிப்பது நல்லது.

போஸ்ட் டாக் என்றால் என்ன?

முனைவர் பட்டம் வாங்கியவுடன் பேராசிரியர் ஆகிவிடலாம் என்று வீட்டில் எதிர்பார்ப்பார்கள். நடுவில் இன்னொரு படி இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு வேறொரு ஆய்வுக்கூடத்தில் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்வதே போஸ்ட் டாக். தச்சு வேலை கற்றவன் தானே கடை போடுவதற்கு முன் இன்னொரு மேஸ்திரியிடம் வேலை பார்ப்பது போல. இது படிப்பு அல்ல, வேலை. "இன்னமும் படிச்சிட்டே இருக்கான்" என்று உறவினர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நம் நாட்டில் ரிசர்ச் அசோசியேட் பதவிக்கு 2023 விகிதப்படி மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்தும் தேசிய போஸ்ட் டாக் திட்டம் இரண்டாண்டுக்கு. பொதுவான வயது வரம்பு 35. குடும்பப் பொறுப்பால் ஆராய்ச்சியை நடுவில் விட்ட பெண்கள் திரும்பி வர வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் மேரி கியூரி திட்டம், ஜெர்மனியில் ஹம்போல்ட், ஜப்பானில் ஜே.எஸ்.பி.எஸ். என்று வெளியேயும் வழி உண்டு. இவற்றில் பட்டம் வாங்கி இத்தனை ஆண்டுக்குள் என்ற கெடு இருக்கும். நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அதன்பிறகு, இனி உயிரியல்தான் என்று தீர்மானித்து இன்னொரு பல்கலைக்கழகத்தில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட் டாக்காக ரைபோசோம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த வேலைதான் வளர்ந்து 2009-ல் நோபல் பரிசில் முடிந்தது. முனைவர் பட்டம் வாங்கியவர் திரும்ப முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது அவர் வீட்டார் என்ன நினைத்திருப்பார்களோ! எல்லாருக்கும் நோபல் கிடைக்காது. ஆனால் துறை மாறுவதும் சில ஆண்டு கூடுதலாக எடுப்பதும் தோல்வி அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உள்ளதை உள்ளபடி

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். முனைவர் பட்டம் வாங்கிய எல்லாருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. நிரந்தரப் பதவிக்கு முப்பத்தைந்து வயது வரைகூடக் காத்திருக்க நேரும். உதவித்தொகை சில மாதம் தாமதமாகி வருவதும் உண்டு. கையில் கொஞ்சம் சேமிப்பு இல்லாமல் வெளியூரில் தவிக்க வேண்டியிருக்கும். இங்கேதான் கணிப்பொறி கைகொடுக்கிறது. நிரல் எழுதவும் புள்ளியியல் கணக்குப் போடவும் தெரிந்த உயிரியலாளருக்கு மருந்துக் கம்பெனி, மரபணுப் பரிசோதனை நிலையம், மென்பொருள் நிறுவனம் என்று கதவுகள் கூடுதல். ஆகவே உயிரியல் படிக்கிற பிள்ளை பைத்தான், ஆர் இரண்டில் ஒன்றையாவது கற்க வேண்டும். கணிப்பொறி படிக்கிற பிள்ளை கொஞ்சம் மரபியல் படிக்க வேண்டும். இரண்டுக்கும் என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் பாடங்கள் இணையத்தில் இலவசம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது சம்பந்தம் பார்ப்பது போல, அவசரப்படக்கூடாது. அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அந்த மாணவர்களிடமே விசாரியுங்கள். "பணம் கொடுங்க, ஆறு மாசத்துல பி.எச்டி." என்கிற விளம்பரங்களைக் கண்டால் ஓடிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களும் அப்படியே. அதோடு, பழங்குடியினர் ஒதுக்கப் பகுதிகளிலும் காடுகளிலும் அனுமதி இல்லாமல் மாதிரி எடுக்கப் போவது குற்றம். 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்டலாம். பெரிய செலவு இல்லாத வேலைகள்தான். நெட், கேட், ஜாம் தேர்வுகளின் விண்ணப்பத் தேதிகளைச் சங்கப் பலகையில் ஒட்டலாம். பழைய வினாத்தாள்களை நூலகத்தில் சேர்க்கலாம். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள ஆய்வு நிலையங்களின் அறிவியலாளர் ஒருவரை அழைத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேச வைக்கலாம். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருப்பார்கள். கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் அறிவியல் கழகங்களின் இரண்டு மாத ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க உதவலாம். சென்னையில் தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கு இரண்டு நாள் தங்க இடம் தர அங்கிருக்கும் உறவினர்களின் பட்டியல் ஒன்று தயாரிக்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பிள்ளை ஆராய்ச்சி என்று சொன்னால், "எத்தனை வருஷம்?" என்று கேட்பதற்கு முன் "எதைப் பற்றி?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கண்ணில் ஒளியோடு பதில் வந்தால், பிள்ளை சரியான வழியில்தான் போகிறது. அதன்பிறகு நெட் தேர்வு எப்போது என்று கேட்கலாம்.